கணிப்பொறியின் அரண்

விழுப்புரம் இருப்புப்பாதைச் சந்திப்பு தமிழ்நாட்டின் பெரிய சந்திப்புகளுள் ஒன்று. வடக்கே சென்னை, தெற்கே திருச்சிராப்பள்ளி, தென்கிழக்கே கடலூர் வழியாக மயிலாடுதுறை, வடமேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, கிழக்கே புதுச்சேரி எனத் திசைக்கொன்றாகப் பாதைகள் அங்கிருந்து பிரிகின்றன. இரவென்றும் பகலென்றும் இல்லாமல் வண்டிகள் வந்த வண்ணமும் சென்ற வண்ணமும் இருக்கும். இத்தனை வண்டிகளும் ஒன்றோடொன்று மோதாமல் செல்வது எங்ஙனம்? வண்டியோட்டுபவர் தம் விருப்பம்போல் எந்தப் பாதையிலும் புகுதல் இயலாது. நிலையத்தார் பாதை வகுத்துக் கொடுத்த பின்னரே விளக்கு பச்சையாகும். ஒரு வண்டிக்கு அவ்வாறு வழி திறந்துவிட்டால், அதற்குக் குறுக்கே வரக்கூடிய பாதைகள் யாவும் தாமே பூட்டிக்கொள்ளும் வண்ணம் அங்கே பொறி அமைத்துள்ளனர். மனிதர் மறந்தாலும் பொறி மறவாது.

மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் கணிப்பொறியினுள்ளும் இத்தகைய நிலையம் ஒன்று உண்டு. அதனை இயங்குதளம் என்பர். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் என்பன நாம் கேட்டறிந்த இயங்குதளங்கள். கடிதம் எழுத ஒரு நிரல், கணக்குப் பார்க்க ஒரு நிரல், இணையத்தில் உலவ ஒரு நிரல் எனப் பல நிரல்கள் ஒரே வேளையில் கணிப்பொறியில் ஓடுகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இவ்வளவு இடம் என்று இயங்குதளம் அளந்து கொடுக்கும். தனக்கு உரியதல்லாத இடத்தில் ஒரு நிரல் கால்வைக்க முற்பட்டால், செயலி அதனைத் தடுத்து நிறுத்தி இயங்குதளத்திடம் முறையிடும். இயங்குதளம் அந்நிரலை முடித்துவிடும். கணிப்பொறிக் காவலுக்கெல்லாம் அடிப்படை இதுவே. வங்கிக் கணக்கு விவரம் திறந்திருக்கும் நிரலை, அருகில் ஓடும் விளையாட்டு நிரல் எட்டிப்பார்த்தல் கூடாதன்றோ?

இவ்வொழுங்கு தொடக்கத்திலேயே எல்லாக் கணிப்பொறிகளிலும் இருந்ததன்று. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95, கணிப்பொறியைத் திறந்தவுடன் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கடவுச்சொல் அறியாதவர், அப்பெட்டியின் ஓரத்தில் உள்ள ‘விலக்கு’ என்னும் பொத்தானை அழுத்தினால் போதும், கதவு திறந்துவிடும். பூட்டு இருந்தது; ஆனால், அதனைப் பூட்டுவதற்குத் தாழ்ப்பாள் இல்லை. தனித்தனி வீடுகளில் இருந்த கணிப்பொறிகளுக்கு அந்நாளில் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. இணையம் வந்து உலகிலுள்ள கணிப்பொறிகளையெல்லாம் ஒரே தெருவில் கொண்டுவந்து நிறுத்திய பின்னரே அரணைப் பற்றிய கவலை பிறந்தது.

அரண் என்றதும் விழுப்புரம் மாவட்டத்தார்க்கு நினைவு வருவது செஞ்சிக் கோட்டையாகும். திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால் அக்கோட்டையைக் காணலாம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதில் வளைத்து நிற்கின்றது. மதிலைக் கடந்தால் உள்மதில். அதனைக் கடந்தால் மலைப்படிகள். படிகளின் இடையிடையே வாயில்கள். இவையனைத்தையும் கடந்து இராஜகிரியின் உச்சியை நெருங்குவோர்முன் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய ஒரு பிளவு வாய் திறந்து நிற்கும். அதன்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால், கீழே எத்துணைப் பெரும்படை நிற்பினும் உச்சிக்குச் செல்லுதல் அரிது. கோட்டை கட்டியோர் ஒரே மதிலை நம்பவில்லை. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று தடுக்கும் என்னும் முறையிலேயே யாவற்றையும் அமைத்தனர். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்ற மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் மகாராட்டிரத்திற்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே.

இன்றைய இயங்குதளமும் இவ்வாறே மதிலுக்குள் மதிலாக அமைந்தது. அதன் முதல் வாயில் கடவுச்சொல். கடவுச்சொல்லைக் காப்பது எளிதன்று என்பதை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில், பலர் ஒருங்கே பயன்படுத்தத்தக்க கணிப்பொறி ஒன்று இருந்தது. ஒவ்வொருவர்க்கும் இவ்வளவு நேரம் என்று வரையறுத்துக் கடவுச்சொல்லும் அளித்திருந்தனர். ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர்க்குத் தமக்கு அளித்த நேரம் போதவில்லை. அவர் 1962-இல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பினை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வாயிலாகக் கணிப்பொறியிடம் கேட்டார். அதுவும் மறுப்பின்றி எல்லார் கடவுச்சொற்களையும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! பல்லாண்டுகள் கழித்து அவரே இதனை வெளியிட்டார்.

குறை எங்கே இருந்தது? சொற்களைச் சொற்களாகவே எழுதி வைத்திருந்தனர்; அதுதான் குறை. அரைத்த மாவிலிருந்து மீண்டும் அரிசியைப் பெற முடியாது. அதுபோல, கடவுச்சொல்லை ஒரு கணக்கில் இட்டு அரைத்து, அம்மாவினை மட்டும் சேமித்து வைக்கும் முறையைப் பின்னர்க் கண்டனர். மறுநாள் ஒருவர் சொல்லைத் தட்டச்சிட்டால், கணிப்பொறி அதனையும் அவ்வாறே அரைத்து, இரண்டு மாவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடும். கோப்பினைத் திருடினாலும் திருடனுக்குக் கிடைப்பது மாவே. இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் மாவும் ஒன்றாகிக் காட்டிக்கொடுத்துவிடுமே என்னும் ஐயம் எழலாம். ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி 1979-இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கும் வழி கூறினர். ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு சில குறிகளைச் சேர்த்து அரைத்தல் வேண்டும் என்பதே அவ்வழி. அக்கலப்புக்கு ‘உப்பு’ என்றே அவர்கள் பெயரிட்டனர். ஆயினும், தம் பிறந்த ஆண்டையே கடவுச்சொல்லாக வைத்துக்கொள்வார்க்கு எந்த உப்பும் உதவாது. திருடன் மாவிலிருந்து அரிசியைத் தேடுவதில்லை. பலரும் வைக்கக்கூடிய சொற்களைத் தானே ஒவ்வொன்றாக அரைத்துப் பார்க்கின்றான்.

இரண்டாம் வாயில், யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது. கோட்டைக்குள் இருப்போர் எல்லாரிடமும் கருவூலத்தின் திறவுகோல் இருத்தல் தகுமா? தகாது. கணிப்பொறியிலும், அன்றாட வேலைக்கு ஒரு பயனர் கணக்கும், இயங்குதளத்தையே மாற்றும் உரிமையுடைய நிருவாகிக் கணக்கு வேறாகவும் இருத்தல் முறை. யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் இம்முறையைத் தொடக்கம் முதலே போற்றின. விண்டோஸ் பயன்படுத்துவோரோ நெடுங்காலம் நிருவாகிகளாகவே வாழ்ந்தனர். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா அதனைத் திருத்த முயன்றது. ஏதேனும் ஒரு நிரல் இயங்குதளத்தின் உள்ளிடத்தில் கை வைக்க முனைந்தால், திரை சற்றே இருண்டு, “இதற்கு இசைகின்றீரா?” என்று ஒரு வினா தோன்றும். திரை இருள்வது அழகுக்காக அன்று. அவ்வேளையில் பிற நிரல்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு இயங்குதளமே நேரில் வந்து கேட்கின்றது. கள்ள நிரல் ஒன்று பயனருக்குப் பதிலாகத் தானே ‘ஆம்’ என்பதை அழுத்திவிடாமல் இருப்பதற்கே இவ்வேற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், விஸ்டா தொட்டதற்கெல்லாம் இவ்வினாவைக் கேட்டது. மக்கள் சலிப்புற்றனர். வினாவைப் படிப்பதை விட்டுக் கைப்பழக்கத்தால் ‘ஆம்’ என்றே அழுத்தலாயினர். சிலர் அவ்வினா எழாதவாறு அடியோடு நிறுத்தியும் வைத்தனர். 2009-இல் விண்டோஸ் 7 வினாக்களைக் குறைத்துக்கொண்டு வந்தது. வருவோர் போவோரையெல்லாம் பார்த்துக் குரைக்கும் நாயின் குரலை வீட்டார் நாளடைவில் செவிமடுப்பதில்லை; உண்மையில் கள்வன் வரும் இரவிலும் அது குரைக்கத்தான் செய்யும். அரண் அமைப்போர் பலர் இதனை இன்னும் நன்குணர்ந்ததாகத் தெரியவில்லை.

வெளியிலிருந்து வருவோரைத் தடுக்கும் மதிலுக்குத் தீயரண் என்று பெயர். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தீயரண் இருந்தது. ஆயினும், பயனர் தாமே தேடிச் சென்று இயக்கினாலன்றி அது இயங்காது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழுநிரல் பரவியபோது, எதனையும் திறவாமல், எதனையும் அழுத்தாமல், இணையத்தோடு இணைந்திருந்த ஒரே காரணத்தால் கணிப்பொறிகள் வீழ்ந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த பெருந்திருத்தம், தீயரணைத் தொடக்கத்திலேயே இயங்குமாறு செய்துவிட்டது. மதிலைக் கட்டிவிட்டு வாயிற்கதவைச் சாத்துவது குடிகளின் பொறுப்பு என்று விட்டிருந்த தவறு அன்று நீங்கியது.

தெருவழி அடைபட்டால் கள்வன் கூடைக்குள் ஒளிந்து வருவான். பென்டிரைவ் என்னும் சிறு கருவி அத்தகைய கூடை. திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில், விண்ணப்பப் படிவத்தை அச்சிடுவதற்காக ஒரு கல்லூரி மாணவன் தன் பென்டிரைவைக் கொடுக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். அந்நாளில் அவனுக்கு முன்னே அதே கணிப்பொறியில் ஐம்பது பென்டிரைவ்கள் நுழைந்து சென்றிருக்கும். முன்னாளில் விண்டோஸ், பென்டிரைவைச் செருகியவுடன் அதில் உள்ள நிரலைத் தானே தொடங்கி வைப்பதற்கு இடம் கொடுத்தது. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் புழுநிரல், தான் பரவுவதற்கு இவ்வழியையும் கைக்கொண்டது. விண்டோஸ் 7 அவ்வழியை அடைத்தது. 2011 பிப்ரவரியில் பழைய பதிப்புகளுக்கும் அதே திருத்தம் சென்றது. ஆயினும், பென்டிரைவில் உள்ள அறியாத கோப்பினை மாணவனே இருமுறை தட்டித் திறந்தால், கூடையை அவனே தலைமேல் சுமந்து உள்ளே கொண்டுபோனவனாவான்.

திருட்டுப்போகும் கணிப்பொறிக்கும் இயங்குதளத்தில் ஒரு காப்பு உண்டு. வட்டினைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் பொருத்திவிட்டால் வாயிற் கடவுச்சொல்லுக்கு வேலையில்லை. ஆதலின், வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து வைக்கின்றனர். விண்டோஸில் இதற்குப் பிட்லாக்கர் என்று பெயர். இதற்கெனத் தரும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்தல் நன்று. அதனைத் தொலைத்துவிட்டால் உரியவரே கோட்டைக்கு வெளியே நிற்க நேரும்.

இத்தனை மதில்கள் இருந்தும் கோட்டைகள் வீழ்வானேன்? மீண்டும் செஞ்சியைப் பார்ப்போம். ஔரங்கசீபின் படைத்தலைவர் சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகை தொடங்கி, 1698-இல்தான் அதனைக் கைப்பற்ற முடிந்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் அவரைச் சார்ந்தோரும் ஓரிரவில் பிடித்துவிட்டனர். வாயிலை வெடியால் தகர்த்து உட்புகுந்து, இருளில் மலைமேல் ஏறினர். மலை குறையவில்லை, மதில் தேயவில்லை, பிளவும் தூர்ந்துபோகவில்லை.

கணிப்பொறி உலகில் அத்தகைய இரவு 2017 மே 12 அன்று வந்தது. வான்னா கிரை என்னும் நிரல், விண்டோஸில் கணிப்பொறிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்த ஒரு விரிசல் வழியாகப் புகுந்தது. புகுந்த இடமெங்கும் கோப்புகளை மறையாக்கிப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. தொலைவில் நடந்த செய்தி என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. ஆந்திரத்தில் காவல்துறைக் கணிப்பொறிகள் சிலவும், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் இதற்கு இரையாயின. ஊராட்சி அலுவலகக் கணிப்பொறி என்றால் என்ன? ஓர் ஊராரின் பிறப்பும் இறப்பும் வீட்டுவரியும் அதில் அடங்கும்.

வியப்பு யாதெனில், அவ்விரிசலை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தது. அத்திருத்தத்தை ஏற்ற கணிப்பொறிகளுக்குள் இப்புழுவால் அவ்வழியே நுழைய முடியவில்லை. ‘புதுப்பிப்பு’ என்று கணிப்பொறி கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்று தள்ளியவர்களும், புதுப்பிப்பே வராத பழைய இயங்குதளத்தை வைத்திருந்தவர்களும் அகப்பட்டனர்.

முன்னவரிடம் சோம்பல் எனலாம். பின்னவரிடம் என்ன சொல்வது? இயங்குதளத்திற்கும் ஆயுள் உண்டு. அதனை ஆக்கிய நிறுவனம் ஒரு நாளைக் குறித்து, அதன்பின் விரிசல்களை அடைப்பதில்லை என்று அறிவித்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்நாள் 2014 ஏப்ரல் 8. அரசு அலுவலகங்களில் எக்ஸ்பி நிறைந்திருந்த காலம் அது. பட்டாவும் சிட்டாவும் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்ட காலமும் அதுவே. அப்போது தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குப் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. எல்லாத் துறைகளுக்கும் உரியதாகையால், விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்து மேசைக்கும் திண்டிவனம் வட்டாட்சியர் அலுவலகத்து மேசைக்கும் அவ்வறிவுரை பொருந்துவதாயிற்று.

பாஸ் லினக்ஸ் நம் நாட்டில் உருவானது. சீடாக் எனப்படும் மேம்பட்ட கணிப்பியல் வளர்ச்சி மையம் சென்னையில் அதனை ஆக்கி 2007-இல் வெளியிட்டது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பே அதன் அடிப்படை. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதனைக் கையாளலாம். விலை கிடையாது. அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். விரிசல் கண்டவர் சொல்லலாம், வல்லவர் அடைக்கலாம். ஒரு நிறுவனம் கைவிட்டாலும் பிறர் தொடர்ந்து பேணுவதற்கு இடமுண்டு. இதனால் லினக்ஸை எவரும் வெல்ல இயலாது என்று எண்ணிவிடலாகாது. அதிலும் விரிசல்கள் தோன்றும். அதற்கும் புதுப்பிப்பு வேண்டும். அங்கும் கண்ட நிரலுக்கெல்லாம் நிருவாகிக் கடவுச்சொல்லைத் தட்டச்சிட்டுக் கொடுத்தால் அரண் இல்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே அமைந்திருந்தன. மின்பொத்தானை அழுத்தியவுடன் எது வேண்டும் என்று திரை கேட்கும். விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளையின் கைக்கு வந்த முதற் கணிப்பொறி பெரும்பாலும் அதுவே.

அதில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 சனவரி 14 அன்று ஆயுள் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிப் பயனர் விரும்பிப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை திருத்தங்கள் வரும் என்று தவணை அளித்துள்ளனர். அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே எனில், அங்கே ஒரு தடை. 2021-இல் வந்த அப்பதிப்பு, திறவுகோல்களைக் காப்பதற்கென்று டிபிஎம் 2.0 என்னும் தனிப்பொறியமைப்பும் குறிப்பிட்ட காலத்திற்குப் பின்வந்த செயலியும் கணிப்பொறியில் இருத்தல் வேண்டும் என்கிறது. பழைய கணிப்பொறிகளில் அவை இல்லை. அரணை வலிமையாக்கப் புகுத்திய ஏற்பாடே, புதிய கணிப்பொறி வாங்க இயலாதவரை அரணுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இதனை ஆக்கியோர் தீய எண்ணத்தால் செய்தனர் என்று கூறுவதற்கில்லை. ஆயினும், காவலை மிகுதியும் வேண்டுபவர், இழந்தால் மீண்டும் வாங்க வகையற்றவரே அல்லரோ?

அத்தகையோர் பழைய கணிப்பொறியைப் பரணில் ஏற்ற வேண்டுவதில்லை. பாஸ் லினக்ஸோ, டெபியனோ, வேறொரு லினக்ஸோ அக்கணிப்பொறியின் வலிமைக்கேற்ற பதிப்பைத் தெரிந்தெடுத்து, இணையத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். நிறுவுவதற்கு முன்னர், அப்பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, திரையும் விசைப்பலகையும் வைஃபையும் முறையாக இயங்குகின்றனவா என்று அறிந்துகொள்ளும் வசதியும் பல தொகுப்புகளில் உண்டு. படங்கள், சான்றிதழ்ப் படிகள், எழுதிய கட்டுரைகள் ஆகியவற்றை முதலில் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். வட்டு முழுவதிலும் நிறுவினால் பழையன யாவும் அழிந்துவிடும். பின்னர் ஒரு மாலைப்பொழுது போதும்.